ஒன்றரை ரூபாய்க் கடல்

ஒரு முழுக் கடல், ஒன்றரை ரூபாய். அடியில் ஓர் அரசன், பவள மதில், மீன் முதுகில் ஏறி வரும் படை, எல்லாம் சேர்த்து. பழைய புத்தகக் கடையில் கொஞ்சம் முகம் சுளித்தால் எழுபத்தைந்து காசுக்கே படியும். விரலில் நீலம் ஒட்டும். அதற்குக் காசில்லை.

தூத்துக்குடியில் உட்கார்ந்து அந்தக் கடலை வரைந்தவன் பெர்க்மான்ஸ். கடலடி மக்களுக்கும் கரை மனிதர்களுக்கும் போர். படக்கதை பதினோரு இதழ் ஓடிவிட்டது.

அரசனின் முகம் மட்டும் கற்பனை இல்லை. அக்காள் புருஷன் தொம்மையின் முகம். அதே கோணல் மூக்கு. அதே நக்கல் சிரிப்பு.

தொம்மை சங்கு குளிப்பவன். காலையில் கல்லைக் காலில் மாட்டி மூழ்குவான். அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை படகில் பெர்க்மான்ஸ் கையில் இருக்கும். மச்சினன்தான் பிடிக்க வேண்டும். கடற்கரையில் வழக்கம் அப்படி. அக்காள் தாலி அந்த முனையில் கிடக்க, எந்தத் தம்பியின் கை அசரும்?

கயிறு ஒருமுறை சுண்டினால், இழு. அவ்வளவுதான் பாஷை.

பன்னிரண்டாம் இதழுக்குச் சிவகாசிப் பதிப்பாளரிடமிருந்து தந்தி வந்தது. அரசன் சாக வேண்டும். சனிக்கிழமைக்குள் சாக வேண்டும். கரை மனிதர்கள் ஜெயித்தால்தான் தீபாவளிக்கு விற்கும்.

"என்னயக் கொல்லணும்னா ஒருநாள் லீவு எடுத்துக்கிடு மாப்ள," என்றான் தொம்மை. "கூலிக்கு ஒருத்தனப் பாத்துக்கிடுதேன். கயித்தப் பிடிக்க காலேஜா படிக்கணும்?"

மறுநாள், காலை வெயில் தண்ணீருக்குள் சாய்ந்து இறங்கிய நேரம். பெர்க்மான்ஸ் மேசையில் அரசன் மார்பில் ஈட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். நல்ல கோடு. கை நடுங்காத கோடு.

அதே நேரம் படகில், கூலிக்கு வந்தவன் பீடி பற்றவைத்தான். சுண்டியது கயிறா, அலையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு இழுத்தான். கல் வந்தது. சங்குப் பை கனமாக வந்தது. இடுப்புக் கயிறு லேசாக வந்தது. முனையில் வெறும் சுருக்கு.

மழை. மூன்று நாள் மழை. தேடிப்போன படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின.

அக்காள் சலேத் நனைந்த சேலையோடு மேசையருகே வந்து நின்றாள். தாளில் செத்துக் கிடந்த அரசனைப் பார்த்தாள். அழவில்லை.

"இவருக்கு ஏம்ல கயிறு போடல?"

பதினோரு இதழ். ஒரு கட்டத்திலும் அரசன் இடுப்பில் கயிறு இல்லை. கடலையே ஆள்பவனுக்குக் கயிறு எதற்கு என்று இருந்துவிட்டான் பெர்க்மான்ஸ்.

"போடு. அவரு மேல வரணும்."

ஈட்டியை வெள்ளை மையால் மூடினான். அரசனின் கண்களைத் திறந்தான். இடுப்பிலிருந்து ஒரு கோடு. மேலே. பவள மதிலைத் தாண்டி மேலே. கடல் படையையும் கரைப் படையையும் தாண்டி மேலே. கட்டத்தை மீறி, தாளின் விளிம்பு வரை.

அங்கே கட்டைவிரலை அழுத்திக்கொண்டான். பக்கத்தில் சலேத்தும் விரலை வைத்தாள்.

ஒரே ஒரு சுண்டு. அது போதும்.

சனிக்கிழமை வந்தது. இன்னொரு தந்தி வந்தது. மழை ஈரத்தில் மை காயவில்லை. இருவர் விரலிலும் நீலம் ஏறிக்கொண்டிருந்தது. அதற்குக் காசில்லை.

இறங்கியவை: ஒரு கல், ஒரு பை, ஒரு கயிறு, ஓர் ஆள்.

ஏறியவை: கல், பை, கயிறு. அதிகப்படியாக ஏழு சங்கு.

வரவேண்டியது: ஒன்று.