வட்டம் போட மறுத்த கார்

நேராகப் போகும்வரை நர்ஸின் காரைப் போல ஒரு சாது கிடையாது. வளைக்கும்போதுதான் அதற்குப் பேய் பிடிக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல நகர்த்தினால், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல நின்று நின்று குதிக்கும். அடியிலிருந்து 'டக், டக்' என்று ஒரு சத்தம் வேறு. மூன்று வாரமாக இந்தக் கூத்து.

பதினெட்டு வயதான கார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வகை என்பதால், மழை கொட்டினாலும் மேட்டுக் குடியிருப்பின் செங்குத்துச் சாலையில் வழுக்காமல் ஏறிவிடும். அங்கே எழுந்து நடமாட முடியாத பதினோரு பேருக்குப் புண் கட்டுவதும் ஊசி போடுவதும் நர்ஸின் வேலை. மேடு ஏறக்கூடிய வண்டி இருக்கிறதா இல்லையா என்று இன்று சாயங்காலத்துக்குள் ஆபீசில் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் அந்த ரவுண்டு வேறொருத்திக்கு. நர்ஸுக்கு ஃபைல் அடுக்கும் மேசை, அதுவும் கண்காணிப்பாளர் அம்மாவுக்கு நேர் எதிரே. அந்த அம்மா நாள் முழுக்க மூக்கால் பாடிக்கொண்டே இருப்பார். பத்து வருடமாக ஜன்னலைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனவளுக்கு, அது சிறைத் தண்டனைதான்.

"கியர்பாக்ஸ் போச்சுக்கா. கதை முடிஞ்சது" என்றார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஆனால் கார் வீடியோ பார்த்துப் பார்த்தே தன் பார்வையைக் கெடுத்துக்கொண்டவர். 'இருபது வருஷமா ஓட்டறேன், ஒரு கீறல் கிடையாது' என்பதை வணக்கம் சொல்வதுபோல எல்லோரிடமும் சொல்வார்.

"திறந்து பார்க்கிறதே வெட்டி வேலை. காயலான்கடைக்காரர்கிட்ட பேசிட்டேன். நாலு மணிக்கு வந்து தூக்கிட்டுப் போயிடுவார்."

"உங்களுக்கென்ன மாப்ளே இவ்வளவு அவசரம்? செத்துப்போனவங்களையே ஒரு டாக்டர் பார்த்துச் சொன்னாத்தான் எடுப்பாங்க" என்றாள் நர்ஸ். சாவியை எடுத்துக்கொண்டு கிரீஸின் பட்டறைக்கு விட்டாள். மாப்பிள்ளையும் தொற்றிக்கொண்டார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

கிரீஸ் என்பது மெக்கானிக்குக்கு ஊரார் வைத்த பெயர். காரைத் திட்டுவதா, கார்க்காரரைத் திட்டுவதா என்பதில் அவருக்குப் பாரபட்சம் கிடையாது. கடைவாயில் ஒரு ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு, பட்டறை வாசலில் காரை ஒரு வட்டம் ஓட்டினார். அது வழக்கம்போல நொண்டியது.

"என்னம்மா இது, கல்யாணத்துக்குப் பிடிக்காம வர்ற பொண்ணு மாதிரி காலைத் தேய்ச்சுக்கிட்டு வருது?"

"கியர்பாக்ஸ்" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க யாரு, அதோட சித்தப்பாவா?"

கிரீஸ் பானட்டைத் திறந்தார். கியர் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "கியர்பாக்ஸ் செத்திருந்தா கருகல் நாத்தம் அடிக்கும். இது பச்சைக் குழந்தை மாதிரி இருக்கு." காரை ஜாக்கியில் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். பேரிங் ஆடவில்லை. சக்கரத்துக்குப் போகும் தண்டின் மூட்டில் இருந்த ரப்பர் உறையைத் தடவினார். கிழியவில்லை, மசகும் ஒழுகவில்லை. வழியில் தொங்கிக்கொண்டிருந்த சைலன்சர் கொக்கியைப் பார்த்து, "இதைக் கட்டினவன் கோணியூசியாலதான் தைச்சிருக்கான்" என்று கம்பி சுற்றி இறுக்கினார். அதைக் கட்டியதும் மாப்பிள்ளைதான்.

பிறகு ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, காலியாக இருந்த ஓர் இடத்தில் ஒரு ஃபியூஸைச் சொருகினார். "இப்ப பின் சக்கரத்துக்கு இழுவை போகாது. முன் சக்கரம் மட்டும்தான் வேலை செய்யும். ஓட்டிப் பாரும்மா."

நர்ஸ் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஓட்டினாள். கார் வெண்ணெயில் கத்தி போல வட்டம் போட்டது. ஃபியூஸைப் பிடுங்கியதும் மறுபடி குதித்தது.

"நான்தான் சொன்னேனே!" மாப்பிள்ளை துள்ளினார். "பின்பக்கமெல்லாம் காலி! நாலு மணிக்கு ஆளு..."

"டயர் எப்படி?" என்றார் கிரீஸ்.

"நாலும் ஒரே நம்பர்தான். நான் பார்த்தேன்."

மாப்பிள்ளையின் பதில் கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டது. கிரீஸ் ஏலக்காயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். நம்பர் என்னவோ ஒன்றுதான். ஆனால் அவர் சாக்கட்டியை எடுத்து, நாலு டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போட்டார். "தள்ளுங்க" என்றார். நர்ஸும் மாப்பிள்ளையும் தெரு முனைவரை தள்ளினார்கள். சக்கரம் பத்துச் சுற்று சுற்றியதும் நிறுத்தச் சொன்னார். மூன்று டயர்களின் கோடுகளும் சொல்லிவைத்ததுபோல அடியில் இருந்தன. பின் இடது டயரின் கோடு மட்டும் இன்னும் கீழே வந்து சேரவில்லை.

"இவன் மத்த மூணு பேரைவிட உயரம். அதான் சுத்து குறையுது" என்றார் கிரீஸ். அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்தால், மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம்.

டயரெல்லாம் சேறு. பின் இடதில் மட்டும் கொஞ்சம் அதிகப்படியான சேறு, அதுவும் சீராக, சுவருக்குச் சாந்து பூசியதுபோல. கிரீஸ் ஒரு வாளித் தண்ணீரை வீசினார். பளபளவென்று கருத்த ரப்பர் வெளியே வந்தது. ஓரத்தில் புது டயருக்கே உரிய ரப்பர் முடிகள் பூனை மீசைபோல நீட்டிக்கொண்டிருந்தன.

"மூணு கிழவியோட ஒரு குமரியைக் கட்டி ஓடவிட்டா என்ன ஆகும்? ஒண்ணு வழுக்குதுன்னு நெனச்சு வண்டி எல்லாத்தையும் சேர்த்துப் பூட்டிக்கும். நேராப் போனா சமாளிக்கும். வளைச்சா அடிதடிதான். யாரு இதை மாட்டினது?"

நர்ஸ் மாட்டவில்லை. அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே."

"நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தீங்கள்லக்கா... மருந்து வாங்க எடுத்துட்டுப் போனேன். ப்ளாட்பாரம்..."

"குறுக்க வந்துச்சா?"

"டயர் வெடிச்சுடுச்சு. புதுசு வாங்கி மாட்டி, உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சேறு பூசினேன், உதிர உதிரப் பூசிக்கிட்டே இருந்தேன். அடுத்த நாளே வண்டி குதிக்க ஆரம்பிச்சுடுச்சு. இடிச்ச இடியில கியர்பாக்ஸையே உடைச்சுட்டேன்னு நெனச்சு மூணு வாரமா தூக்கமில்லக்கா."

"அதனால காரையே காயலான்கடைக்கு அனுப்பிட்டா தடயமே இருக்காதுன்னு!"

அவர் முகத்தைப் பார்த்தால் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நர்ஸ் முதலில் கோபப்பட்டாள். பட்டறைக்கு வந்த மற்ற இருவர் ஸ்கூட்டரை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும் அளவுக்குக் கோபப்பட்டாள். "இருபது வருஷம், ஒரு கீறல் கிடையாது" என்பதை நாலு விதமாகச் சொல்லிக் காட்டினாள். பிறகு கிரீஸிடம், "இப்ப என்னண்ணே பண்ணலாம்?" என்றாள்.

"நாலையும் புதுசா மாத்தணும். இந்த அளவு டயர் கடைக்காரன் வரவழைக்கப் புதன்கிழமை ஆகும். இல்ல, இந்த மூணு அளவுக்கே தேய்ஞ்ச கிழவி ஒண்ணு வேணும். புதுசு எவன் வேணா தருவான். சரியாத் தேய்ஞ்சதுக்கு எங்க போறது?"

புதன்கிழமைக்குள் மேசை ஒதுக்கப்பட்டிருக்கும். நர்ஸ் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் தெருமுனையில் லாரி ஒன்று வந்து நின்றது. காயலான்கடைக்காரர் இறங்கினார். மணி நாலடிக்கப் பத்து நிமிடம். வீட்டுக்குப் போய், தங்கையிடம் விசாரித்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறார்.

"எங்க பாடி?" என்றார்.

"உசிரு இருக்கு" என்றாள் நர்ஸ். சட்டென்று எழுந்தாள். "அண்ணே, உங்க யார்டுல இதே மாடல் கிடக்குதா?"

"ரெண்டு கிடக்கு. ஒண்ணு மரத்துல ஏறினது, இன்னொண்ணு மேல மரம் ஏறினது."

கிரீஸ் முழுதாகச் சிரித்ததை நர்ஸ் அன்றுதான் பார்த்தாள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறிவிட்டார். மாப்பிள்ளையும் ஏறப் போனார். "நீங்க இங்கயே இருங்க, வழியில ப்ளாட்பாரம் நிறைய இருக்கு" என்று நர்ஸ் இறக்கிவிட்டாள்.

முக்கால் மணியில், அளவு கிட்டத்தட்ட ஒத்துவந்த மூன்று டயரோடு வந்தார்கள். முதலாவதில் வெடிப்பு. இரண்டாவது ஒட்டுப் போட்டது. மூன்றாவதைச் சுற்றி நாடா பிடித்தபோது கிரீஸ் ஏலக்காயை மெல்வதை நிறுத்தினார். அளவு மயிரிழை பிசகவில்லை.

மாட்டி, போல்ட்டை இறுக்கி, ஒரு வட்டம். இன்னொரு வட்டம், எதிர்த்திசையில். கார் குதிக்கவில்லை. "மூணு வாரச் சண்டையிலயும் உள்ள எதுவும் உடையல. கல்லு மாதிரி வண்டி" என்று கிரீஸ் பானட்டைத் தட்டினார்.

"கார் எடுக்க வந்து டயர் கொடுத்துட்டுப் போறேன். என் தொழில் உருப்பட்ட மாதிரிதான்" என்று காயலான்கடைக்காரர் லாரியில் ஏறினார்.

நர்ஸ் வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. நேராக மேட்டுச் சாலைக்கு விட்டாள். மாப்பிள்ளை பக்கத்தில், மடியில் புது டயரோடு, குழந்தை சுமக்கும் தகப்பன்போல உட்கார்ந்திருந்தார். முதல் கொண்டை ஊசி வளைவில் கண்ணை மூடிக்கொண்டார். கார் வழுவழுவென்று திரும்பியது.

"சத்தமே இல்லையேக்கா!"

"நீங்களும் கொஞ்ச நேரம் அப்படியே வாங்க."

உச்சியில் காரை நிறுத்திவிட்டு ஆபீசுக்குப் போன் போட்டாள். கண்காணிப்பாளர் அம்மா மூக்கால் பாடிக்கொண்டேதான் எடுத்தார். "என்னம்மா முடிவு பண்ணினே? உன் வண்டி அந்த மேடு ஏறுமா, ஏறாதா?"

"மேலேர்ந்துதாம்மா பேசறேன்" என்றாள் நர்ஸ்.