ஒன்பது பேரைக் கடிக்காத ஏட்டு

மனு எழுதுவதில் ஒரு வழக்கம் இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதினால் அது மனு ஆகாது, வெறும் தகவல். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தெருவே காலராவில் கிடப்பதாக எழுத வேண்டும். சாக்கடை அடைத்துக்கொண்டால் பள்ளிக் குழந்தைகளை நீந்த விட வேண்டும். விழுப்புரத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நிற்பவர்கள் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். சொல்லிக் கொடுத்தவர் யார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

திண்டிவனத்தில் எங்கள் பழைய அரிசி மில் சந்தில் மனு எழுதுகிறவன் நான். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பொருளியல் படிக்கிறேன். விடுப்புக் கடிதத்தில் ஒரே தாத்தாவை மூன்று முறை சாகடித்து, மூன்று முறையும் துறைத்தலைவரிடம் அனுதாபம் வாங்கியவன் என்பதால் சந்தில் என் தமிழுக்கு மரியாதை உண்டு.

சந்தின் கோடியில், பதினான்காம் எண் மின்கம்பத்தின் கீழே முனியம்மாள் அக்காவின் இஸ்திரி வண்டி நிற்கும். இரண்டு மாதமாக அந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை. ஆறு மணிக்கு மேல் அக்கா செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு இஸ்திரி போடுவாள். அப்படித்தான் ஒரு நாள் கணக்கு வாத்தியாரின் வெள்ளைச் சட்டையில், முதுகுக்கு நடுவே, பெட்டியின் உருவம் முழுசாகப் பதிந்தது.

"எழுதிக் குடு மாறா. உனுக்குத்தான் நல்லா வருமே. இன்னொரு சட்ட கருகிச்சினா நான் வண்டிய மூடிக்கினு போவ வேண்டியதுதான். ஒரே பேஜாரா கீது."

எழுதினேன். படித்துப் பார்த்தேன். உண்மையாக இருந்தது. ஆகவே எடுபடாது என்று தோன்றியது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "மேலும், இவ்விருளில் ஆபத்தான தெருநாய் ஒன்று சுற்றித் திரிந்து இதுவரை ஒன்பது பேரைக் கடித்துள்ளது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." பத்து என்று போட்டிருப்பேன். பத்து என்றால் பொய் மாதிரி இருக்கும்.

முதல் கையெழுத்து முனியம்மாள் அக்கா. அடுத்தது பஞ்சர் கடை சவுரிராயன் அண்ணன். மொத்தம் இருபத்துமூன்று பேர். ஒருவரும் படிக்கவில்லை. கையெழுத்துப் போடும் மனுவைப் படிப்பது எழுதியவனைச் சந்தேகப்படுவது போல என்பது எங்கள் சந்தின் பண்பாடு. திங்கட்கிழமை பஸ் ஏறி விழுப்புரம் போய், வரிசையில் நின்று, கொடுத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் அந்தக் கடைசி வரியை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நான் எழுதும்போது எந்த நாயையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. ஆனால் எங்கள் சந்தில் இருந்தது ஒரே ஒரு நாய்.

அதன் பெயர் ஏட்டு. செம்மண் நிறம், எட்டு வயது இருக்கும். காலையில் மில் கேட்டிலிருந்து கிளம்பி ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிமிடம் நின்று, விசாரித்து, ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போகும். போலீஸ்காரர் பெயர் அப்படித்தான் வந்தது. மத்தியானம் இஸ்திரி வண்டிக்கு அடியில், கரி அடுப்பின் சூட்டில் தூங்கும். விளக்கு போன பிறகு அதற்கு ஒரு வேலையும் சேர்ந்தது. அக்கா வண்டியை மூடிவிட்டு மில்லுக்குப் பின்னால் இருக்கும் முள்ளுக்காட்டு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஏட்டு முன்னால் நடக்கும். இருட்டில் தெரிய வேண்டுமே என்று அக்கா அதன் கழுத்தில் ஒரு மாட்டு மணியைக் கட்டியிருந்தாள். மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே அவள் வீடு போய்ச் சேருவாள். கழுத்தில் மணி கட்டிக்கொண்டு ஒன்பது பேரைக் கடிப்பது எந்த நாய்க்கும் சிரமமான காரியம்.

மனு கொடுத்த ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, கூண்டு வைத்த நகராட்சி வண்டி ஒன்று சந்துக்குள் வந்தது. வலையோடு இரண்டு பேர் இறங்கினார்கள். கையில் ஃபைலோடு சுகாதார ஆய்வாளர் தேவசகாயம் இறங்கினார். விளக்கு ஒரு பிரிவு, நாய் ஒரு பிரிவு. நாய்ப் பிரிவு முந்திக்கொண்டது.

"மனுதாரர் முனியம்மாள் யாருங்க?"

"நான்தான் சார்!" அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வந்தாள். "லைட்டு போட வந்தீங்களா? ஏணி எங்க?"

"நாய் புடிக்க வந்தோம்மா. நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? ஒம்போது பேர கடிச்சிக்கீது, உயிருக்கு ஆபத்துன்னு."

அக்கா ஏட்டைப் பார்த்தாள். ஏட்டு அப்போது வண்டியின் டயரை விசாரித்துக்கொண்டிருந்தது. வலைக்காரர் ஒருவர் பிஸ்கட்டை நீட்ட, வாலை ஆட்டிக்கொண்டு தானாகவே கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தது. வலை விரியவே இல்லை.

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். அதற்குள் சவுரிராயன் அண்ணன் திறந்துவிட்டார். மனுவில் இருந்ததை மறுத்தால் லைட்டும் கேன்சல் ஆகிவிடும் என்று அவருக்குப் பயம். லுங்கியைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார்.

"தோ பாருங்க சார், என்ன கடிச்சது. போன மாசம்."

அது பைக் சைலன்சரில் பட்ட சூடு. அது பட்ட அன்றைக்கு நான்தான் பற்பசை தடவினேன்.

"என்னையும்தான் சார், ரெண்டு வாட்டி," என்றாள் தையல் கடை புனிதா அக்கா. அவள் ஏட்டுக்குத் தினமும் வேர்க்கடலை உருண்டை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை உருண்டை, கொடுப்பவள். அவள் முகத்தைப் பார்த்தால் நாய்தான் பயப்படும் போல இருந்தது, அவ்வளவு தைரியமாகப் பொய் சொன்னாள். சந்து முழுவதும் என் ஒரு வரிக்குப் பின்னால் அணிவகுத்து நின்றது. இவ்வளவு விசுவாசமான வாசகர்கள் எனக்கு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைக்கவில்லை.

தேவசகாயம் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

"எப்ப சார் கொண்டாந்து விடுவீங்க?" என்றாள் அக்கா.

"சாதாரண நாய்னா கருத்தடை பண்ணி, வெறிநோய் ஊசி போட்டு, புடிச்ச எடத்துலயே விட்டுடணும்மா. அது ரூல். ஆளுங்கள தொரத்திக் கடிக்கிற நாய்னு முடிவாச்சினா திரும்பி வராது. காப்பகத்துலயேதான் இருக்கும்."

வலைக்காரர் கழுத்து மணியைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்தார். வண்டி போயிற்று. ஏட்டு கம்பிக்குப் பின்னால் இருந்து ஒவ்வொரு வாசலையும் பார்த்துக்கொண்டே போனது. அன்றைய ரவுண்டை அது வண்டியில் முடித்தது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே அக்கா கரியை அணைத்துவிட்டாள். இருபது உருப்படி பாக்கி இருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே போனால்தான் உண்டு. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, அந்த நாய் வரி நான் சேத்தது."

அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஒம்போதுன்னு ஏண்டா போட்ட?"

"பத்துன்னா பொய்யி மாதிரி இருக்கும்க்கா."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். "சட்டைய கழட்டு" என்றாள். அணைத்த கரியில் மிச்சம் இருந்த சூட்டில் என் சட்டையை இஸ்திரி போட்டாள். காலர், கை, முதுகு. பத்து நிமிடம் நான் பனியனோடு சந்தில் நின்றேன்.

"நாளைக்கு இத்த போட்டுக்கினு ஆபீசுக்குப் போயி உண்மைய சொல்லு. கசங்கின சட்டையோட போனா நம்ப மாட்டாங்க."

மறுநாள் காலை தேவசகாயத்தின் மேசை முன்னால் நின்றேன். வரும் வழியில் ஒரு நீண்ட விளக்கம் தயார் செய்திருந்தேன். இருள் என்பதை ஒரு குறியீடாக, நாய் என்பதை ஓர் உருவகமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் வரும். அவர் நிமிர்ந்து பார்த்ததும் எல்லாம் போய்விட்டது.

"சார், அது யாரையும் கடிக்கல. நான்தான் எழுதினேன்."

"தெரியும்."

"எப்படி சார்?"

"நேத்தே ஆஸ்பத்திரில ரிஜிஸ்டர் பாத்தேன். ஆறு மாசத்துல உங்க சந்துலேர்ந்து நாய்க்கடி ஊசின்னு ஒருத்தரும் வரல. ஒம்போது பேர கடிச்சிருந்தா ஒருத்தனாவது பயந்துகினு வந்திருக்க மாட்டானா?" பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கினார். கெண்டைக்காலில் சவுரிராயன் அண்ணனுடையதைப் போலவே ஒரு தழும்பு. "இது சைலன்சர். எனக்கும் கீது."

எனக்கு அந்த மனிதரின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. அந்தத் தழும்பையாவது.

"ஆனா கம்ப்ளெய்ன்ட் வந்தாச்சி. பத்து நாள் வச்சிப் பாக்கணும். அதுல கைய வைக்க முடியாது. நீ சொன்னத எழுதிக் குடு." ஒரு தாளைத் தள்ளினார். "இந்த வாட்டி ஜாஸ்தி போடாத."

"நாய் யாரையும் கடிக்கவில்லை. கடித்ததாக நான் எழுதியது பொய். மன்னிக்கவும். சு. மணிமாறன்." நான் எழுதியதிலேயே சின்னது இதுதான். அவர் படித்தார், திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் காலியாக இருந்ததில் திருப்தியடைந்தார்.

ஏட்டு இல்லாத அத்தனை நாளும் அக்காவுக்கு முன்னால் நான் நடந்தேன். வேறு வழியில்லை, உருப்படிகள் பாக்கி இருந்தன. என் கையிலும் டார்ச் இருந்தது. ஆனாலும் மணிச் சத்தம் கேட்டால்தான் தனக்குக் கால் வரும் என்றாள். மணியை ஆட்டிக்கொண்டே நடந்தேன். கழுத்தில் கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை. சந்தில் சிலர் வாசலில் நின்று, ஏட்டுக்குப் போடும் பொறை ரொட்டியை எனக்குக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஏட்டு போன பன்னிரண்டாம் நாள் அதே வண்டி வந்தது. தேவசகாயமே இறங்கிக் கூண்டைத் திறந்தார்.

"கருத்தடை ஆச்சி, ஊசி ஆச்சி. பத்து நாள்ல ஒருத்தர பாத்துகூட கொலைக்கல. ஊசி போட்ட டாக்டர் கையையே நக்கிக்கினு இருந்துது. ஆபத்தான நாய்ல சேத்தினா ஆபத்தான நாய்ங்களுக்கே அவமானம்."

ஏட்டின் இடது காது நுனியில் அடையாளத்துக்குச் சின்னதாக ஒரு வெட்டு. மற்றபடி அப்படியே இருந்தது. இறங்கியதும் நேராக மில் கேட்டுக்குப் போனது. அங்கிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வாசலாக நின்றது. பன்னிரண்டு நாள் விட்டுப்போன விசாரணை. சவுரிராயன் அண்ணன் முன்னால் நின்றபோது அவர் லுங்கியை இழுத்துக் கெண்டைக்காலை மூடிக்கொண்டார். புனிதா அக்கா அதன் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய், ஒரு டப்பா மல்லாட்டை உருண்டையோடு வந்தாள். கடைசியாக அது இஸ்திரி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தது. முனியம்மாள் அக்கா குனிந்து மணியைக் கட்டினாள். முடிச்சுப் போட ரொம்ப நேரம் ஆனது. எழுந்தபோது கரிப்புகை கண்ணில் பட்டுவிட்டது என்றாள். அடுப்பை இன்னும் பற்றவைக்கவே இல்லை.

தேவசகாயம் ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். 'திரும்ப விடப்பட்ட இடம்: பழைய அரிசி மில் சந்து, கம்பம் எண் 14. கம்பத்தில் விளக்கு எரியவில்லை.'

"எடத்த சரியா எழுதணும்ல," என்றார், என்னைப் பார்க்காமலே. "இதோட ஒரு காப்பி லைட்டு செக்‌ஷனுக்கும் போவும்."

அதற்கு மூன்றாம் நாள் ஏணி வந்தது. விளக்கு எரிந்தது. இப்போதும் அக்கா கிளம்பும்போது ஏட்டு முன்னால்தான் நடக்கிறது. "அதான் லைட்டு வந்துடுச்சே, அது எதுக்குக்கா?" என்று கேட்டேன். "அதுங்கிட்ட யாருடா சொல்றது?" என்றாள்.

அந்த வாரம் நான் இன்னொரு மனு எழுதினேன். ஆய்வாளர் தேவசகாயத்துக்கு நன்றி தெரிவித்து. இந்த முறை இருபத்துமூன்று பேரும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். முனியம்மாள் அக்கா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "நம்ம ஒம்போது பேரு எங்கடா?" என்று சவுரிராயன் அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் போட்டிருந்தது இஸ்திரி போட்ட சட்டை.

திங்கட்கிழமை விழுப்புரத்தில் கவுன்டரில் இருந்த பெண் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதுல கோரிக்கை எங்க?"

"கோரிக்கை எதுவும் இல்லைங்க. தேங்க்ஸ் மட்டும்தான்."

"கோரிக்கை இல்லாம உள்ள ஏத்த முடியாதே. ஜல்தியா ஏதாவது ஒண்ணு எழுதிக் குடுங்க. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க பாருங்க."

பேனாவை வாங்கி யோசித்தேன். பழைய கை அரித்தது. அடக்கிக்கொண்டு, அடியில் ஒரே வரி எழுதினேன்: "எங்கள் சந்தில் இப்போது இருப்பவை அனைத்தும் இருக்கும் இடத்திலேயே இருக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

அவர் அதை 'இதர' என்ற பிரிவில் ஏற்றிக்கொண்டார்.