சந்தனத்துக்குள் போன முள்

திருமங்கலத்துக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் நிற்கிற அந்த அரிசி ஆலையில் பாய்லர் ஊதினால்தான் பொழுது விடிந்ததாகக் கணக்கு. உமியைப் போட்டு நெருப்பு மூட்டுவார்கள். நீராவி அளவுக்கு மேல் ஏறும்போது உச்சியில் இருக்கிற பாதுகாப்பு வால்வு தானாகத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஊதும். களத்தில் நெல் கிண்டுகிற பெண்களுக்கு அது டீக்கடைக்குக் கிளம்பலாம் என்ற உத்தரவு. பாய்லர்மேன் நல்லகாமனுக்கு, உமி தள்ளியது போதும் என்ற உத்தரவு.

விஜயதசமி அன்று பத்தரை மணி தாண்டியும் பாய்லர் ஊதவில்லை.

"உமி ஈரம் மேடம். ராத்திரி பெஞ்ச மழை" என்றார் நல்லகாமன். இன்னும் இரண்டு கூடை உள்ளே போனது.

திவ்யா தலையாட்டிவிட்டு அலுவலக அறைக்குத் திரும்பினாள். இயந்திரவியல் படித்துவிட்டு நான்கு வருடம் இதே ஆலையில் சூப்பர்வைசராக இருந்தவள். போன மாதம்தான் மேனேஜர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பக்கத்து எழுமலைக்காரி என்பதால் பாதிப் பேருக்கு அவள் இன்னார் மகள், இன்னார் பேத்தி. முதல் வாரம் ஒருவரும் அவள் சொல்லைக் காதில் வாங்கவில்லை. மூட்டையை இடம் மாற்றச் சொன்னால், "எதுக்குத் தாயி, அது கெடக்கட்டும்" என்பார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் எல்லாரையும் களத்தில் நிறுத்தி வைத்துச் சொன்னாள்: "ஏன், எதுக்குன்னு என்னையக் கேக்காதீங்க. சொன்னா செய்யணும். செய்ய முடியாதவுக இப்பவே சொல்லிருங்க."

அன்றிலிருந்து வேலை நடந்தது. அவள் சொல்லி முடிக்குமுன் "சரி மேடம்" வந்தது. அன்று சாயந்திரம் அம்மாவுக்குப் போன் போட்டு, "இப்பச் சொன்னாக் கேக்குறாகம்மா" என்று சிரித்தாள்.

முந்தின நாள் ஆயுத பூசை. வழக்கப்படி ஆலையில் எல்லாம் நின்றுவிட்டது. இயந்திரங்களைக் கழுவித் துடைத்து, சந்தனக் கிண்ணத்தைப் புது மேனேஜர் கையில் கொடுத்தார்கள். பொட்டு வைப்பது தலைமையில் இருப்பவரின் உரிமை. திவ்யா ஒன்றையும் விடவில்லை. பாய்லரின் நெற்றிபோல முன்னால் இருக்கும் பெரிய அழுத்தமானியின் கண்ணாடியில் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தபோது பெண்கள் குலவை போட்டார்கள்.

மறுநாள் நல்ல நேரத்தில் அவள் கையாலேயே முதல் ஆவியைத் திறந்துவிட வேண்டும். முதலாளி ஸ்ரீகுமார் மதுரையிலிருந்து வந்து போட்டோ எடுக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

போன் அடித்தது. முதலாளிதான்.

"திவ்யா, கோயில்ல கூட்டம்மா. இப்பத்தான் வெளிய வர்றோம். ராகு காலம் வேற வந்துருச்சு. பன்னெண்டு தாண்டித் தொறப்போம். நான் வர்ற வரைக்கும் தொறக்க வேணாம்."

"சார், பாய்லர் பத்தவச்சாச்சு. ரொம்ப நேரம் மூடி வச்சா…"

"அதான் சேப்டி வால்வு இருக்குல்லம்மா. மிஞ்சுனா ஊதிட்டுப் போகுது."

"சரி சார்" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் அந்த வார்த்தை உறுத்தியது. மிஞ்சினால் ஊதும். ஊதவில்லையே. அப்படியானால் மிஞ்சவில்லை. நல்லகாமனும் அதைத்தானே சொல்கிறார். ஆனால் சன்னல் வழியாகத் தெரிந்த புகைபோக்கியில் ஈர உமியின் வெள்ளைப் புகை இல்லை. நன்றாகப் பிடித்த நெருப்பின் மெல்லிய சாம்பல் நிறம்தான் இருந்தது.

எழுந்து நடந்தாள். பாய்லர் கொட்டகை வாசலிலேயே வெக்கை முகத்தில் அடித்தது. அதைவிட, அங்கே இருந்த அமைதி. எப்போதும் ஏதாவது ஒரு மூட்டில் கசிகிற ஆவியின் சீறல்கூடக் கேட்கவில்லை. அடியில் எங்கோ, காதுக்குக் கேட்டும் கேட்காமலும், இரும்பு முனகியது.

"அண்ணே, முள்ளு எங்க நிக்குது?"

நல்லகாமன் அழுத்தமானியை அண்ணாந்து பார்த்தார். "இடது பக்கம் ஏறிக்கிட்டுத்தான் வந்துச்சு மேடம். பெறகு சந்தனத்துக்குள்ள போயிருச்சு."

"வெளிய வரலையா?"

"வரலை."

"தொடச்சுப் பாத்திருக்கலாம்ல?"

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "நீங்க வச்ச பொட்ட நான் அழிக்கிறதா? அதுவும் இன்னைக்கா? ஊதுனாத் தெரிஞ்சுட்டுப் போகுதுன்னு உமியத் தள்ளிக்கிட்டு இருக்கேன்."

திவ்யா உச்சியைப் பார்த்தாள். அங்கே இரண்டு பாதுகாப்பு வால்வுகளின் நீண்ட கைகளையும் சேர்த்து வளைத்தபடி, ஆளுயரச் செவ்வந்தி மாலை கொஞ்சமும் தொய்யாமல் கிடந்தது. நேற்று அந்த மாலை சரிந்து சரிந்து விழுந்தபோது, கீழே நின்றபடி அவளேதான் எடுபிடி அழகுபாண்டியிடம் சொன்னாள்: "இறுக்கிக் கட்டு. முதலாளி வர்றப்ப அசையக் கூடாது."

ஏணியில் ஏறினாள். பாதி ஏறியதுமே தெரிந்துவிட்டது. வாழைநார் இல்லை, கட்டுக்கம்பி. இரண்டு வால்வுக் கைகளையும் கீழே இருந்த குழாயோடு சேர்த்து, முறுக்கி முறுக்கிக் கட்டியிருந்தது. ஒரு நூல் அளவுகூட அவற்றால் தூக்க முடியாது.

இறங்கி வந்தவள் துப்பட்டா நுனியால் அழுத்தமானியைத் துடைத்தாள். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. குங்குமம் கண்ணாடியெல்லாம் சிவப்பாக இழுவியது. அந்தச் சிவப்புக்கு அடியில், இன்னொரு சிவப்புக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய், எண்கள் முடிகிற இடத்தை முட்டிக்கொண்டு முள் நடுங்கியது.

நல்லகாமனின் கையிலிருந்து கூடை விழுந்தது.

"உமிய நிறுத்துங்கண்ணே. புளோயரையும் நிறுத்துங்க" என்றாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவது அவளுக்கே அதிசயமாக இருந்தது. வாசலுக்கு வந்து களத்தைப் பார்த்துக் கத்தினாள்: "எல்லாரும் கேட்டுக்கு வெளிய போங்க! ரோட்டுக்கு அந்தப் பக்கம்! அழகுபாண்டி, குடோன்ல ஆள் இருக்கா பாரு. இருந்தாக் கூட்டிக்கிட்டு ஓடு!"

"என்ன மேடம், முதலாளி வர்றாரா? வரிசையில நின்னு பன்னீர் தெளிக்கணுமா?" என்றாள் களத்துத் தலைவி செல்லத்தாய். சிரித்துக்கொண்டே கேட்டாளே தவிர, கேட்டபோதே துடுப்பைக் கீழே போட்டுவிட்டு நடந்தாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

கம்பியை வெட்டிவிடலாமா என்று முதலில் கை பரபரத்தது. வேண்டாம். இவ்வளவு அழுத்தத்தில் வால்வு சட்டென்று எகிறினால் பாய்லரே வெடிக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். இருப்பது ஒரே வழி. நெல் அவிக்கிற தொட்டிகளுக்குப் போகும் பெரிய குழாயின் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும்.

"ராகு காலம் தாயி" என்றார் நல்லகாமன். பயத்தில் அவர் வாயிலிருந்து 'மேடம்' போய்விட்டது. "வருசத்துக்கு மொதத் தொறப்பு. மொதலாளியும் வரலை."

"நான்தானே தொறக்குறேன். ராகு எம்மேல வரட்டும். நீங்க வெளிய போங்கண்ணே."

அவர் போகவில்லை. அடுப்புக் கதவை ஒட்டி நின்றுகொண்டார்.

சக்கரம் சுட்டது. துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு கால் சுற்று திருப்பினாள். குழாய்க்குள் தேங்கியிருந்த தண்ணீரை ஆவி அடித்துத் தள்ள, சுவர் நெடுக 'டம், டம்' என்று யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு தட்டுவதுபோலச் சத்தம் ஓடியது. நிறுத்தினாள். தட்டல் அடங்கியது. இன்னும் கால் சுற்று. மறுபடி தட்டல், இம்முறை தொட்டிகளின் பக்கமிருந்து. முள் அசைந்ததா, நடுங்கியதா என்று தெரியவில்லை. போன் சட்டைப் பையில் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நல்லகாமனின் உதடுகள் குலசாமி கருப்பனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

"எறங்குது" என்றார் ஒரு வழியாக. "எறங்குது தாயி."

முள் சிவப்புக் கோட்டுக்குள் வந்து, அதற்கும் கீழே நகர்ந்த பிறகுதான் அவள் சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையில் தோல் வெளுத்திருந்தது.

அழகுபாண்டி கட்டிங் பிளேயரோடு வந்து ஏணியில் ஏறினான். உமி அள்ளுவதிலிருந்து மாலை கட்டுவது வரை எல்லாவற்றுக்கும் அவன்தான். கம்பி தெறித்ததும் மாலை பொத்தென்று தரையில் விழுந்தது. திவ்யா சொன்னபடி அவன் ஒரு வால்வின் கையைத் தூக்கிப் பார்க்க, பாய்லர் அன்றைக்கு முதல்முறையாக ஊதியது. சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்கள், பழக்க தோஷம், டீக்கடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

போனை எடுத்து, ஆவியைத் திறந்துவிட்டதைச் சொன்னாள். "தொறந்துட்டீங்களா? ராகு காலத்துலயா?" என்றார் முதலாளி. நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "அழிச்ச பொட்ட நான் வர்றதுக்குள்ள திரும்ப வச்சிருங்கம்மா" என்றார்.

"கண்ணாடியில வைக்க மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அழகுபாண்டி ஏணியடியில் கம்பித் துண்டோடு நின்றான். முகம் வெளிறியிருந்தது.

"வால்வு மேல கம்பி போட்டா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாதாடா?"

"ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு மேடம். கேக்கலாம்னு பாத்தேன்." தலையைச் சொறிந்தான். "நீங்கதான் ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீகளே. அசையக் கூடாதுன்னீங்க. அசையாமக் கட்டுனேன்."

திவ்யா பக்கத்தில் கிடந்த உமி மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். இந்த ஒரு மாதத்தில் நடந்துகொண்டே, போன் பேசிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்ன சொல் எத்தனை இருக்கும்? நெல்லை உலர்த்துகிற டிரையர் பக்கம் ஏதோ ஒரு கதவு ஆடிச் சத்தம் போட்டதற்கு என்ன சொன்னாள்? நெல்லை மேலே தூக்குகிற எலிவேட்டரில் அடிக்கடி நிற்கிற பெல்ட்டுக்கு?

"வேற என்னெல்லாம் சொன்னேன் அழகு?"

"எம்புட்டோ சொன்னீங்க மேடம்." அவளைத் தேற்றுகிறவன்போலச் சிரித்தான். "ஒண்ணையும் விடலை. எல்லாத்தையும் செஞ்சாச்சு."

டீ குடித்துவிட்டு ஆட்கள் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். குடோனுக்கு அப்பால் முதல் மோட்டார் உறுமிப் பிடித்தது. அடுத்து இன்னொன்று. பிறகு எலிவேட்டர்.

"எல்லா மோட்டாரையும் நிறுத்தச் சொல்லு" என்றாள்.

ஏன் என்று அவன் கேட்பான் என, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரி மேடம்" என்று ஓடினான்.