அமுக்கினால் கேட்கும் டப்பா

...இல்லை, இது விற்காததற்கு விலை காரணமே இல்லை, விலைதான் காரணம் என்றால் காட்டூர் பையன்கள் அதைப்போலப் பத்து மடங்கு கொடுத்து என் கடையிலேயே செல்போன் வாங்கிப் போவார்களா, இந்தக் கையடக்க கேம் டப்பாவை ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு, போன்லயே எல்லாம் வருதே அக்கா, இது இன்னாத்துக்கு என்று சிரித்தார்கள்... எட்டு டப்பா, பழவேற்காடு கடைத்தெருவில் வேறு யாரிடமும் இல்லாத சரக்கு என்று அடம்பிடித்து வரவழைத்தவள் நான், நாலு மாதமாகக் கண்ணாடி அலமாரியில் தூசி தின்கின்றன, சாயங்காலம் ஏஜெண்டு திருப்பி எடுத்துப்போக வருகிறார், என் வீட்டுக்காரர் கங்காதரன் மீசைக்குள் சிரிக்கிறார், ஒன்றாவது விற்காவிட்டால் இனி இந்தக் கடையில் என் பேச்சு எடுபடுமா? போதாததற்கு அம்மா வேறு, சுண்ணாம்புக்குளத்தில் இருக்கிறவளுக்குக் காலையிலிருந்து மூன்று தடவை போன் போட்டாயிற்று, மணி அடித்து அடித்து ஓய்கிறது, பொங்கலுக்குத் தம்பியிடம் கொடுத்தனுப்பிய புது டச் போன், ஒரு தடவைகூட எடுத்ததில்லை, அவளைக் கேட்காமல் நான் கல்யாணம் செய்துகொண்ட கோபம் இன்னும் ஆறவில்லை போல, போகட்டும், எனக்கும் ரோஷம் இருக்கிறது...

அப்போதுதான் குப்பம்மாள் அக்கா வந்தாள், ஏரிச் சேற்றில் கையால் இறால் தடவிப் பிடித்துவிட்டு நேரே, ஈரப் புடவையும் இடுப்பில் இறால் போடும் பறியுமாக, ரீசார்ஜ் பண்ணணும், நீயே அமுக்கிக் குடு வசந்தா, எனுக்கு வராது என்று போனை நீட்டினாள், எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் மண்டையில் ஏறாத ஜென்மங்கள் என்று மனசுக்குள் திட்டியபடி நான் குனிந்திருக்க, டக் டக் டக்... நிமிர்ந்தால் டப்பா அவள் கையில், கண் திரையில், கட்டைவிரல் தானாகப் பொத்தானைத் தேடிப் பிடிக்கிறது, சேற்றுக்குள் கண்ணால் பாராமல் இறாலைப் பிடிக்கிற கையல்லவா, ஆட்டத்தில் காட்டூர் பையன்கள் விழுந்த இடத்தை எகிறித் தாண்டிவிட்டாள்! இன்னாமே இது, அமுக்குனா கேக்குதே, அந்த போனு என் வெரலுக்கு மசியவே மசியாது, பாரேன் என்று காட்டினாள், நண்டு கடித்து, சிப்பி கிழித்து, ஊறி வெளுத்து, ரேகையே இல்லாமல் காய்த்துப்போன நுனிகள், போன் திரையில் வைத்துத் தேய்த்தாள், ஒன்றும் அசையவில்லை, துடைத்துவிட்டுத் தேய்த்தாள், அப்போதும் இல்லை. அட, நாலு மாதமாக நான் ஆள் மாற்றியல்லவா காட்டிக்கொண்டிருந்தேன்!

தண்ணி வத்துற வரிக்கும் சும்மாத்தானே குந்திக்கினு கீறோம், எட்த்து வை, எனுக்குத்தான் என்று கையோடு காசைக் கொடுத்துவிட்டுப் படகுத்துறையில் நின்றவர்களையும் கூவி அழைத்தாள், சாமுண்டீஸ்வரி, மரியம்மா, இன்னும் யார் யாரோ, மதியத்துக்குள் அலமாரி காலி, ஏஜெண்டுக்கு நானே போன் போட்டேன், எடுத்துப்போக வராதீங்க, இன்னும் பத்து கொண்டு வாங்க, காலர் இருந்திருந்தால் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பேன், ஜெயித்துவிட்டேன், என் சரக்கு, என் கணக்குத்தான் சரி, கங்காதரன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார், நிற்கட்டும், நல்லா நிற்கட்டும்... அந்த டச் போனை எடுக்கத் திரையில் விரலை இழுக்க வேண்டுமே, அம்மாவும் முப்பது வருஷமாய் அதே சேற்றில்தானே இறால் தடவுகிறாள்... கோபமா, விரலா? இன்னா வசந்தா, இன்னா தேடுற என்று கங்காதரன் கேட்கிறார், கீழ்த்தட்டில் பொத்தான் வைத்த பழைய மாதிரி போன் ஒன்று கிடந்ததே, எங்கே வைத்தேன்.