பதினோராம் நிமிடத்து ஆர்கன்

பதினோராவது நிமிடத்தில் க்ளைவ் ட்ரான்டர் கையை உயர்த்தி, போதும் நிறுத்து என்று சைகை காட்டினார்.

"இருங்கப்பா, உங்க ஆர்கன் இப்பத்தானே வருது!" என்றாள் ஜோசலின்.

முன்னறைக் கம்பளத்தின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கம் பழைய ரெக்கார்டு பிளேயர், இடப்பக்கம் சிடி பிளேயர். அதில் கொஞ்சம், இதில் கொஞ்சம் என்று ஒரு மணி நேரமாக மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் க்ளைவின் குழு பதிவு செய்த 'ஒன்பது மதகுகள்' என்ற நீண்ட பாட்டு ஒரு பக்கம். நாற்பத்தைந்து வருடம் கழித்து, அதே ஆட்கள் அதே பாட்டை மறுபடி பதிவு செய்தது மறுபக்கம்.

பழைய ஒலிநாடா உரிமையோடு சேர்ந்து எப்போதோ கைமாறி, கண்காணாத ஒரு கம்பெனியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. தங்கள் பாட்டு தங்களுக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று பாடகர் மெர்வின் ஆம்ஃப்லெட்தான் எல்லோரையும் திரட்டினார். போன அக்டோபரில் க்ளைவும் இரண்டு நாள் போய் வாசித்துவிட்டு வந்தார். சிடி தபாலில் வந்து ஒரு வாரமாகியும் பிரிக்காமல் ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். சனிக்கிழமை காலை வழக்கம்போல அப்பாவைப் பார்க்க வந்த ஜோசலின் கண்ணில் அது பட்டுவிட்டது.

"ஒளிச்சு வச்சிருக்கீங்களாக்கும்?"

"நிதானமா கேக்கலாம்னு வச்சேன்."

"உங்க நிதானத்துக்கு அடுத்த கிறிஸ்துமஸ் வந்துடும். உக்காருங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேக்கணும்."

கேட்டார்கள். மெர்வினின் குரல் இறங்கிப்போயிருந்தது. அவருக்காகப் பாட்டையே ஒரு கட்டை குறைத்திருந்தார்கள். அந்த இறக்கம் பாட்டுக்கு ஒரு களைப்பைக் கொடுத்தது. அது நன்றாகவே இருக்கிறது என்றாள் ஜோசலின். பழையதில் நான்காம் பகுதியில் தாளம் பிய்த்துக்கொண்டு ஓடும். இருபத்தாறு வயது கார்டன் பைக் யாரோ துரத்துகிற மாதிரி டிரம்ஸைப் போட்டு வெளுத்திருப்பார். புதியதில் அடி ஒவ்வொன்றும் கழுவித் துடைத்த மாதிரி, அதனதன் இடத்தில் விழுந்தது.

"கார்டனுக்கு மூட்டு வலி. இனிமே ஓட முடியாது," என்று க்ளைவ் சிரித்தார்.

பிறகு பதினோராவது நிமிடம். மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து ஆர்கன் மட்டும் தனியாகக் கிளம்பும் இடம். பழைய பதிவில் அதன் நடுவே ஒரு அபஸ்வரம் உண்டு. க்ளைவின் விரல் வழுக்கிப் பக்கத்துக் கட்டையில் விழுந்து, அதே வேகத்தில் மேலேறிப் போய்விடும். ரசிகர்களுக்கு அந்த வழுக்கல் என்றால் உயிர். மற்றவர்கள் இந்தப் பாட்டை வாசிக்கும்போது அதையும் சேர்த்தே வாசிப்பார்கள். முப்பது வருடம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்த்த மனிதரை, ஊரில் யாராவது அடையாளம் கண்டுகொண்டால் அந்த ஒரு தப்புக்காகத்தான்.

புதியதில் அது இல்லை. ஆர்கன் சுத்தமாக, ஆற்றுநீர் போல ஒரே ஓட்டமாகப் போயிற்று.

க்ளைவ் மறுபடி கையை உயர்த்தினார். ஜோசலின் சிடியை நிறுத்தினாள்.

"அது நான் இல்ல, ஜோஸ்."

"எது?"

"வாசிக்கிறது. அது நான் இல்ல."

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஆர்கன்: க்ளைவ் ட்ரான்டர் என்று தெளிவாக அச்சாகியிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் தெரியவில்லை. என்ன இருந்தது என்றும் அவளால் சொல்ல முடியவில்லை.

"டீ போட்டுட்டு வரேன். வந்து சொல்றேன்," என்று எழுந்து அடுக்களைக்குப் போனார்.

உங்களை எடுத்துவிட்டு வேறு யாரையோ போட்டிருக்கிறார்களா என்று கேட்க வாயெடுத்தவள், அதற்குள் சந்தேகம் தீரட்டும் என்று பழைய ரெக்கார்டின் மேல் ஊசியை வைத்தாள். ஆர்கன் முடிந்து டிரம்ஸ் தொடங்கியது. நடுவே 'தொம்' என்று ஒரு சத்தம். அது பாட்டில் உள்ளது என்றே நினைத்தாள். அரை நிமிடமாவது அப்படியே உட்கார்ந்திருந்திருப்பாள். பிறகுதான் இந்தப் பாட்டில் அப்படி ஒரு சத்தம் கிடையாது என்று உறைத்தது.

கெட்டில் கொதித்துத் தானாக அணைந்திருந்தது. அப்பா அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவில் பக்கவாட்டில் கிடந்தார். ஒரு காலில் செருப்பில்லை.

ஆம்புலன்ஸில் வந்த பெண் மண்டியிட்டு அவர் மார்பை அழுத்திக்கொண்டே, "அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்று கேட்டாள். ஜோசலின் முன்னறைக்குப் போனாள். எந்த இயந்திரம் பாடுகிறது என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, யார் என்ன செய்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எழுபத்தொரு வயது. காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டி இரண்டு தின்றுவிட்டு, யாரும் வழுக்கி விழாதபடி வாசலில் உறைந்த பனிமேல் தன் கையாலேயே உப்புத் தூவியிருந்தார். வீடு திரும்பியபோது அந்த உப்பு காலடியில் நறநறத்தது. அம்மா போய் ஆறு வருடம். அழைத்து அழ ஒருவரும் இல்லை. ஜோசலின் கோட்டைக்கூடக் கழற்றாமல் மெர்வினுக்குப் போன் போட்டாள்.

"ஹலோ, ஜோஸ் கண்ணு! பாட்டு கேட்டாச்சா? க்ளைவ் என்ன சொன்னான்?"

"கேட்டார். அது நான் இல்லன்னு சொன்னார். அஞ்சு நிமிஷத்துல செத்துட்டார்."

மறுமுனையிலிருந்து பதில் வருவதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"எங்கப்பா வாசிச்சத அழிச்சிட்டு யாரைப் போட்டீங்க? சொல்லாம கொள்ளாம, அட்டையில அவர் பேரை வேற போட்டு?"

"ஜோஸ்..." மெர்வின் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "நான் கெளம்பி வரட்டுமா?" என்றார்.

"வராதீங்க. சாவுக்கும் வராதீங்க."

பிறந்ததிலிருந்து 'மெர்வின் மாமா' என்று கூப்பிட்டவள். அன்று மாமா என்கிற சொல் அவள் வாயில் வரவில்லை.

ரசிகர்களின் இணையதளத்தில் ஏற்கெனவே சண்டை நடந்துகொண்டிருந்தது, பழையது உசத்தியா புதியது உசத்தியா என்று. ஒருவர் இடது காதில் பழையதும் வலது காதில் புதியதும் ஒலிக்கும்படி இரண்டையும் ஒட்டிப் போட்டிருந்தார். இன்னொருவர் ஆர்கனை நொடி நொடியாகப் பிரித்து, அந்த வழுக்கலைக் காணோமே, கிழவருக்கு விரல் திருந்திவிட்டதா என்று கிண்டலடித்திருந்தார். அதற்குக் கீழே ஜோசலின் எழுதினாள். என் அப்பா வாசித்ததைத் தூக்கிவிட்டு வேறு ஆளை வாசிக்க வைத்து அவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள், அதைக் கேட்ட ஐந்தாவது நிமிடம் அவர் இறந்தார் என்று நான்கே வரிகள்.

மறுநாள் விடிவதற்குள் அந்த நான்கு வரி கடல் கடந்துவிட்டது. சிடியைத் திருப்பி அனுப்புகிறோம் என்றார்கள். மெர்வினைத் திருடன் என்றார்கள், கொலைகாரன் என்றார்கள். மார்ச்சில் நடக்கவிருந்த மூன்று கச்சேரிகளும் ரத்தாயின. மெர்வின் பதிலுக்கு ஒரு வரி எழுதவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன செய்வான் என்று நினைத்துக்கொண்டாள் ஜோசலின். தகனத்துக்கு நாள் கிடைக்கப் பதினேழு நாளாயிற்று. அதுவரை அவளுக்கு அழுகை வரவில்லை. கண்ணாடிக் கடையில் தன் வேலைக்குப் போனாள், வந்தவர்களின் மூக்குக்குப் பொருந்தும் சட்டங்களை எடுத்துக் கொடுத்தாள், வீட்டுக்கு வந்து யார் யார் என்னென்ன திட்டியிருக்கிறார்கள் என்று படித்தாள். அப்பா போனது அந்தத் திட்டுகளுக்குப் பின்னால் எங்கோ நின்றது.

கிடர்மின்ஸ்டர் தகன மண்டபத்தில் அவர்களுக்குக் கொடுத்தது முப்பது நிமிடம். பாட்டு பத்தொன்பது நிமிடம். அதனால் ஆர்கன் பகுதியை மட்டும், பழைய பதிவிலிருந்து போடச் சொல்லியிருந்தாள். கூட்டம் அவள் எதிர்பார்த்ததைவிட அதிகம். பாதிப்பேர் அப்பாவிடம் கார் கற்றவர்கள். வழுக்கல் வந்த இடத்தில் பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு எழுந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். முதல் வரிசையில் கார்டன் பைக் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, யாரோ கிள்ளிவிட்ட மாதிரி முகத்தைச் சுளித்தார்.

வெளியே வந்து எல்லோரும் கைகொடுத்து முடித்ததும் கார்டன் அவள் கோட்டின் கையைப் பிடித்து மலர்வளையங்கள் வைத்திருந்த சுவரோரம் இழுத்துக்கொண்டு போனார். பருத்த மனிதர். இரண்டடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார்.

"அந்தப் பாழாப்போன தப்பைப் போய்ப் போட்டியே பொண்ணே. நாப்பத்தஞ்சு வருஷமா அவன் மறக்கணும்னு நெனச்சது அது ஒண்ணைத்தான்."

"அதுதான் அவர் வாசிச்சது. இன்னொண்ணு யார் வாசிச்சதுன்னு உங்க ஆளைக் கேளுங்க."

"அவனைக் கேட்டா சொல்லமாட்டான். சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கான். கூறுகெட்டவன், அதைப் பிடிச்சிக்கிட்டு ஊர் செருப்படியை வாங்கறான். நான் சத்தியம் பண்ணல, அதனால நான் சொல்றேன்." கார்டன் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உங்கப்பாவுக்குப் போன கோடையிலயே ஒரு தடவை லேசா வந்துட்டுது. உனக்குத் தெரியுமா?"

"என்ன வந்துது?"

"பக்கவாதம். வலது கையில கடைசி ரெண்டு விரல் சொன்ன பேச்சு கேக்கல. காரை ஏன் வித்தான்?"

"கண்ணு சரியில்லன்னு..."

கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் மகளிடம் கண் சரியில்லை என்று சொல்லியிருக்கிறார். அவளே பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தும் மூன்று தடவை போகாமல் தட்டிக் கழித்தார். அவள் சலித்துப்போய் விட்டுவிட்டாள்.

"ரெண்டு நாள். முப்பத்தொரு தடவை வாசிச்சான். ஒரு தடவைகூட முழுசா வரல. போதும்டா, பழைய தப்பு மாதிரி இதையும் அப்படியே விட்டுடுவோம், ஜனங்களுக்குப் பிடிக்கும்னான் மெர்வின். க்ளைவ் ஒத்துக்கல. பர்மிங்ஹாம்ல இருந்து ஒருத்தரை வரவழைக்கச் சொன்னது அவன்தான். ஸ்டுடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுட்டே இருந்தான். அந்தத் தப்பை வாசிக்காதீங்கன்னு ஒண்ணே ஒண்ணு சொன்னான். முடிஞ்சதும், இப்பத்தான்டா இது சரியா இருக்குன்னான்."

ஜோசலின் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவர் ஈரமாகச் சில்லிட்டது.

"பேரு? அவர் பேரைப் போட்டது யாரு?"

"மெர்வின். என் பேரைப் போடாதேன்னு க்ளைவ் சொன்னான். இவன் கேக்கல. நீ இல்லாம இந்தப் பாட்டே கெடயாது, வாய மூடுன்னுட்டான். அப்ப க்ளைவ் அவன்கிட்ட ஒரு சத்தியம் வாங்கினான். யார்கிட்டயும் சொல்லக்கூடாது, ஜோஸ்கிட்ட நானே சொல்லிக்கறேன்னு."

"சொல்லத்தான் ஆரம்பிச்சார்," என்றாள் ஜோசலின். தன் குரலையே யாரோ பேசுவதுபோலக் கேட்டாள். "நான் ஊசியை எடுத்து பழையதைப் போட்டேன்."

கார்டன் ஏதோ சொன்னார். அது காதில் விழவில்லை. பதினேழு நாளாகத் தான் எழுதியதும் படித்ததும் ஒவ்வொரு வரியாக முன்னால் வந்து நின்றது. கொலைகாரன் என்று எழுதியவருக்கு அவள் நன்றி எழுதியிருந்தாள்.

"எங்க இருக்கார்?"

"மெர்வினா? நீ வராதேன்னுட்டே. என்னைக் கூட்டிட்டு வந்தவனே அவன்தான். காலையிலேர்ந்து கார்லயே உக்காந்திருக்கான்."

வண்டிகள் நிறுத்தும் இடத்தின் கடைசியில் ஒரு சாம்பல் நிறக் கார். கண்ணாடியெல்லாம் உள்ளேயிருந்து ஆவி படிந்திருந்தது. அவள் அருகில் போய் நின்றதும் கண்ணாடி இறங்கியது. மெர்வின் கறுப்பு டை கட்டியிருந்தார். பதினேழு நாளில் முகம் வற்றியிருந்தது. "குளிருதே, தொப்பி இல்லாம நிக்கறியே," என்றார்.

"கார்டன் சொல்லிட்டார்."

மெர்வின் ஸ்டியரிங்கைப் பார்த்தார். "அவனுக்கு வாய் ஓயாது."

"நீங்க ஏன் சொல்லல? அன்னிக்குப் போன்லயாவது?"

"அவன் செத்துட்டான்னு சொன்னே. எனக்கு வேற ஒண்ணும் காதுல விழல, கண்ணு."

சவப்பெட்டியைத் தூக்கி வந்த ஆட்கள் தொலைவில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த சாவுக்கான கார்கள் வாசலில் திரும்ப ஆரம்பித்தன.

"எழுதினதை எடுத்துடறேன். தப்புன்னு எழுதறேன். இன்னிக்கே."

"எழுதினா, அப்ப யார் வாசிச்சான்னு கேப்பாங்க. ஏன்னு கேப்பாங்க. அவன் கையைப் பத்திப் பேசுவாங்க." மெர்வின் தலையை ஆட்டினார். "வேணாம். அப்படியே விடு. எனக்கு எழுபத்திரண்டு. இனிமே நான் எங்க போய்ப் பாடப்போறேன்?"

"ஜனங்க உங்களை என்னவெல்லாம்..."

"படிச்சேன்."

அவள் காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். கதவைத் திறந்தாள். பக்கத்து இருக்கையில் அவர் வாங்கி வந்து உள்ளே கொண்டுபோக முடியாமல் போன மலர்வளையம் இருந்தது. மெர்வின் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஜோசலின் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

பின்னால் வந்த ஒரு கார் அவர்கள் கிளம்பப்போவதாக நினைத்து, அந்த இடத்துக்காக விளக்கைச் சிமிட்டியபடி காத்து நின்றது. மெர்வின் வண்டியைக் கிளப்பவில்லை.