தலைவர் வீட்டுப் பிள்ளை

அன்று குணவதியின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த தலைவரும் தலைமையாசிரியையும் மழையில் நனைந்திருந்தார்களா, இல்லை லிஃப்ட் பழுதாகி மாடி ஏறியதில் வியர்த்திருந்தார்களா என்பது இப்போது சரியாக நினைவில்லை. எனக்குச் சொன்னவர்களும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். லோகேஸ்வரனுக்கு மூச்சு வாங்கியது என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பேச்சு.

மலேசியாவில் சுங்கை பினாங்குப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றைக் காக்கும் குழுவுக்கு அவர் தலைவர். போட்டிருந்த மஞ்சள் சட்டையின் முதுகில் 'தாய்மொழி நம் மூச்சு' என்று அச்சாகியிருந்தது. அடுத்த ஆண்டு முதலாம் வகுப்புக்கு ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. குணவதியின் இரட்டைப் பையன்கள் வந்தால் வகுப்பு நடக்கும். வராவிட்டால் இல்லை. தலைமையாசிரியை பிரமிளா இலவசப் பள்ளிப்பைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். தலைவர் தம் குரலைக் கொண்டுவந்திருந்தார்.

குணவதி அப்போதுதான் தொழிற்சாலையிலிருந்து திரும்பி, தலையில் ஈரத்துண்டோடு கதவைத் திறந்தாள்.

லோகேஸ்வரன் பேசினார். மொழியை விட்டவனுக்குக் கண்ணாடியில்கூட முகம் தெரியாது என்றார். அவருக்கே கண் கலங்கியது. அது நடிப்பில்லை. எந்த மேடையிலும் அவர் பொய்யாக அழுததில்லை. அவரிடம் இருந்த சிக்கலே அதுதான்.

"நல்லா பேசுறீங்க அண்ணே, எனக்கே ஒடம்பு சிலிர்த்துப் போச்சு," என்றாள் குணவதி. "உங்க மக துளசிக்கும் அடுத்த வருசம் ஏழு வயசுதானே? அவளும் நம்ம பள்ளிதானே லா?"

பிரமிளா ஒரு பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

"அவளுக்குச் சீனப்பள்ளில எடம் கெடச்சிருச்சு தங்கச்சி. வைஃப்தான்... நாளைக்கு வேலைக்கு உதவும்னு..."

"ஓ. அப்ப மூச்சு எங்களுக்கு, வேலை உங்களுக்கா?"

பிரமிளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமிச் சமாளித்தார்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. நீங்க துளசிய சேத்துவிடுங்க. அதே நாளு நான் ரெண்டு பேரையும் சேக்குறேன். பை வேணாம், கால் சப்பாத்தும் நானே வாங்கிக்கிறேன்."

லோகேஸ்வரன் மகளை நினைத்துக்கொண்டார். துளசியிடம் அவர் பேசுவது தமக்கே அரைகுறையான ஆங்கிலத்தில். கதை கேட்பாள். 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' என்பதை 'ஒன் டே காட் ஒன் கிங்' என்று தொடங்குவார், அதோடு ராஜா நின்றுவிடுவார். தமிழில் அந்த ராஜாவுக்கு யானையும் கோட்டையும் ஊரும் உண்டு. அவளிடம் கொடுக்கத்தான் வழியில்லை. ஒருமுறையாவது சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார்.

"வைஃப்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

"கேளுங்க அண்ணே. நானும் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்," என்றாள் குணவதி.

அவள் கணவர் இறந்துபோனது அந்த மாடி முழுக்கத் தெரியும்.

லோகேஸ்வரன் மனைவியிடம் கேட்கவில்லை. மறு ஆண்டு முதலாம் வகுப்பு நடக்கவில்லை. பிரமிளா சுங்கை பாக்காப்புக்கு மாற்றலாகிப் போனார். குணவதியின் பையன்கள் துளசியின் சீனப்பள்ளியிலேயே படிக்கிறார்கள்; தாய் தமிழில் கேட்பதற்குத் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள். துளசி மாண்டரினில் பரிசு வாங்குகிறாள். அப்பா மேடையில் அழும்போது, என்ன சொல்கிறார் என்று அம்மாவிடம் ஆங்கிலத்தில் கேட்கிறாள். லோகேஸ்வரன் இப்போது மாநிலத் தலைவர். வீட்டில் அதிகம் பேசுவதில்லை.