செயலாளர் வீட்டு வழியாக மலைப்பாதை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு எங்கள் மலைப்பாதை, செயலாளர் வீட்டுப் பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் வந்து, அடுப்பை ஒட்டித் திரும்பி, கூடத்தைக் கடந்து, வாசல் வழியாக வெளியே போனது. அகலம் மூன்றடி. இருபுறமும் புல், நடுவில் மிதிபட்ட மண், ஆங்காங்கே சருகு. செயலாளரின் மனைவி கூட்டித் தள்ளினார், மறுநாள் வந்துவிட்டது. சிமெண்ட் பூசினார்கள், அதன்மேலும் புல் முளைத்தது. வழி காட்ட மரங்களில் அடிக்கும் மஞ்சள் கோடு, அதே நெஞ்சு உயரத்தில் ஃப்ரிட்ஜின் மேல் தோன்றியது. தொட்டால் கையில் ஒட்டியது. எத்தனை நாளானாலும் காயவில்லை.

இதன் முன்கதை எங்களுக்குப் பெருமையானது. ஆகவே சுருக்கிவிடுவதே நாகரிகம். மலைச்சரிவை ஹோட்டல் கட்ட யாரோ கேட்டபோது, அறுபத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாங்கி, இனி யாரும் விற்கவோ கட்டவோ கூடாதென்று பதிவு செய்தோம். ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் காலாற நடக்கட்டும் என்று ஒரு பாதையும் போட்டோம். அதைக் கவனிக்க ஒரு கமிட்டி, அதற்குத்தான் இவர் செயலாளர். ஊரிலிருந்து சரிவு வரைக்கும் அவரவர் நிலத்தில் மூன்றடி விடுவது, அவரவர் பகுதிக்கு அவரவரே கோடு அடிப்பது என்று ஏற்பாடு. அன்று செயலாளர் பேசிய பேச்சில் இரண்டு பேர் அழுதார்கள். ஆனால் அவர் விடவேண்டிய மூன்றடி, புதுச் சமையலறை கட்ட நினைத்திருந்த இடத்தில் விழுந்தது. கோடு அடிக்கும் நாளில் பிரஷ்ஷோடு தனியாகப் போனவர், நாற்பது தப்படி கீழே இறங்கி, இறந்துபோன அண்ணனின் நிலத்து மரங்களில் அடித்துவிட்டு வந்தார். அங்கே அண்ணி பீன்ஸ் போட்டிருந்தார்.

சமையலறை எழும்பியது. மூன்று வருஷம், நடக்க வந்தவர்கள் பீன்ஸை மிதித்தார்கள். அண்ணி வேலியைத் தள்ளித் தள்ளிக் கட்டினார். அது தப்பான மரம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை; மூன்றடியை இரண்டேகாலாக அளந்தவர்கள் எங்களில் கணிசம். ஒருவர் வாயைத் திறந்தால் எல்லோர் வேலியும் சந்திக்கு வந்துவிடும்.

பாதை வீட்டுக்குள் வந்ததும் முதுகுப்பையும் கைத்தடியுமாக ஆட்களும் வந்தார்கள். "மன்னிச்சுக்குங்க, வழி இதுதானே?" என்றால், "நேரா போங்க, சோபா தாண்டி வலது பக்கம்" என்பார் மனைவி. பிறகு புருஷனைப் பார்த்து, "மலை எல்லாருக்கும் சொந்தம்னு மைக்ல நீங்கதானே முழங்குனீங்க?" என்பார். சர்வேயர் வந்து அளந்தார். நிலம் ஒரு விரல்கூட நகரவில்லை, வரைபடத்தின்படி பாதை இப்போதுதான் சரியான இடத்தில் இருக்கிறது என்றார். கூட்டத்தில் அதைப் படித்தபோது அத்தனை பேரும் கூரையை ஆராய்ந்தோம். வீட்டுக்குப் போய், புல் ஏதும் தெரிகிறதா என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தோம்.

ஒரு ஞாயிறு காலை அண்ணியே அந்தப் பாதையில் வந்தார். செயலாளர் தட்டை விட்டு எழுந்து நின்றார். வாசலில் எங்களில் நாலைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம், சொல்லிக்கொள்ளும்படியான காரியமல்ல.

"அண்ணி, உங்க மரத்துல கோடு போட்டது நான்தான். கமிட்டி சொல்லல."

"தெரியும் தம்பி. உங்க அண்ணன் சைக்கிளுக்கு நீங்க பெயிண்ட் அடிச்ச லட்சணத்தைப் பாத்தவ நான். இவ்ளோ கோணலா வேற யாரு அடிப்பா?"

"அப்ப அன்னைக்கே ஏன் கேக்கல?"

"நீங்களா வந்து சொல்வீங்கன்னு இருந்தேன். அதுக்குள்ள மூணு வெள்ளாமை போச்சு."

செயலாளர் கை கழுவ மறந்து, சுரண்டியை எடுத்துக்கொண்டு போனார். பட்டப்பகலில், ஊரே பார்க்க, ஒவ்வொரு மரமாகச் சுரண்டினார். யாரும் கேலி பேசவில்லை. எங்களில் ஒருவர் ஏணி கொண்டுவந்தார். நெஞ்சு உயரத்துக் கோட்டுக்கு ஏணி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை; சும்மா நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்த வாரம் பல வேலிகள் முக்கால் அடி பின்னால் போயின. மழை தள்ளிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம். அந்த வாரம் மழை இல்லை.

ஃப்ரிட்ஜின் மேலிருந்த கோடு அன்றே காய்ந்தது. பாதை போகவில்லை. அது சரியான இடத்தில் இருந்தது, ஏன் போக வேண்டும்? கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டார்கள். புது வரைபடத்தில் இரண்டாம் கிலோமீட்டருக்கு எதிரே 'சமையலறை, செருப்போடு வரலாம்' என்று அச்சிட்டிருக்கிறோம். அண்ணி பீன்ஸ் பறித்து, அந்தப் பாதையிலேயே கொண்டுவந்து அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாசல் வழியாகப் போகிறார். செயலாளர் சோபாவில் பேப்பர் படிக்கிறார். காலடிச் சத்தம் கேட்டால் தலை நிமிராமல் காலை மடக்கிக்கொள்கிறார்.